உஸ்தாதுக்கும் ஒரு பேரேடு வேண்டும்

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கூடிய கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

உங்களில் கடை வைத்திருப்பவர்கள் இரவு கடை அடைக்கும் முன் என்ன செய்கிறீர்கள்? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணுகிறீர்கள். சிட்டையைப் புரட்டுகிறீர்கள். கடன் சொல்லிப் போனவர் யார், காலையில் வந்து கேட்ட சரக்கு இல்லாமல் திரும்பிப் போனவர் யார், ஒரு மாதமாக அலமாரியில் நகராமல் கிடப்பது எது என்றெல்லாம் பார்க்கிறீர்கள். பிறகு பேரேட்டில் ஏற்றுகிறீர்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பேரேடு கணினிக்குள் போயிருக்கலாம். ஆனால் கணக்குப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. மண்ணடியிலும் வாணியம்பாடியிலும் கீழக்கரையிலும் மேலப்பாளையத்திலும் நம் வணிகர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்றால் அந்தக் கணக்கு நோட்டுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதும் அல்ல. அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் அது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. சிறிய தொகையானாலும் பெரிய தொகையானாலும் எழுதுவதில் சோம்பல் காட்டக் கூடாது என்கிறது. எழுதுபவருக்கு, எழுதச் சொல்பவருக்கு, சாட்சிக்கு என எல்லோருக்கும் ஒழுங்கு சொல்கிறது. பணத்தின் மீது மனிதனுக்கு இருக்கும் மறதியை அல்லாஹ் அறிவான்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடை இருக்கும் அதே தெருவில், பள்ளிவாசல் மாடியில், மஃரிபுக்குப் பிறகு 30, 40 பிள்ளைகளை உட்கார வைத்து ஓதிக்கொடுக்கிறாரே உஸ்தாத், அவர் தன் கடையை அடைக்கும் முன் எந்தக் கணக்கைப் பார்க்கிறார்? பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் 5-ஆம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் வீட்டுப் பெண், மாலை மணி அடித்ததும் எதை எழுதி வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்? வருகைப் பதிவேடு இருக்கிறது. சந்தா நோட்டு இருக்கிறது. மின்விசிறி யார் வாங்கிக் கொடுத்தது என்பதற்குச் சுவரில் கல்வெட்டே இருக்கிறது! ஆனால் இன்று சொல்லிக்கொடுத்தது எந்தப் பிள்ளையின் மனதில் இறங்கியது, எந்தப் பிள்ளையிடம் இறங்கவில்லை, ஏன் இறங்கவில்லை என்பதற்கு எங்கும் ஒரு வரி கிடையாது. நம்முடைய சரக்கிலேயே விலை உயர்ந்த சரக்கு நம் பிள்ளைகள். அவர்களுக்கு மட்டும் கணக்கே இல்லாத வியாபாரம் நடக்கிறது.

ஆசிரியர் ஒவ்வொரு நாளும் தன் வகுப்பைப் பற்றித் தானே எழுதிப் பார்ப்பது, வகுப்பறைக்குள் வந்துவிட்ட கருவிகளை அந்த எழுத்துக்குத் துணையாக வைத்துக்கொள்வது, இவை இரண்டையும்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். இது ஆசிரியர்களிடம் பேச வேண்டியது, எங்களிடம் ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

முஹாஸபா வகுப்பறைக்கும் உரியது

இதை மேற்கத்தியக் கல்விக்காரர்களின் புதுச்சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷான் 1983-ல் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற நூல் எழுதினார் என்பது உண்மை. மருத்துவரோ பொறியாளரோ ஆசிரியரோ யாராக இருந்தாலும், வேலை செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது ஒன்று, வேலை முடிந்த பின் திரும்பிப் பார்த்து யோசிப்பது இன்னொன்று. தொழிலில் தேர்ச்சி பெறுவது இவற்றால்தான் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் நமக்கு இது புதிதா?

ஹிஜ்ரி 243-ல் பக்தாதில் மறைந்த ஹாரிஸ் அல் முஹாஸிபி (ரஹ்) அவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? தன்னைத் தானே கணக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்தது. கேள்வி நாளில் கேட்கப்படும் முன்பே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதை எத்தனை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறீர்கள்! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார்கள். அங்கே அவர்கள் எடுத்துக்கொண்ட உவமை என்ன தெரியுமா? வியாபாரக் கூட்டாளி! கூட்டாளியிடம் முதலைக் கொடுக்கும் முன் நிபந்தனை பேசுகிறோம், நடுவில் கண்காணிக்கிறோம், கடைசியில் உட்கார்ந்து லாப நஷ்டம் பார்க்கிறோம். அதேபோல ஒவ்வொருவரும் தம் நஃப்ஸோடு காலையில் பேசி, பகலில் கவனித்து, இரவில் கணக்கு முடிக்க வேண்டும் என்பது அவர்களின் விளக்கம். உங்கள் கடைத்தெருவிலிருந்து எடுத்த உவமையைப் போல இருக்கிறதல்லவா?

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். மத்ஹபு நூல்களை ஓதியவர்களுக்கு ‘கதீம்’, ‘ஜதீத்’ என்ற இரு சொற்கள் தெரியும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இராக்கில் சொன்ன கருத்துகள் பழையவை. மிஸ்ருக்குச் சென்ற பிறகு சொன்னவை புதியவை. தம் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில், ஹிஜ்ரி 204-ல் மறையும் வரை, அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? முன்பு எழுதிய அர்ரிஸாலாவையே மீண்டும் எழுதினார்கள்! தான் எழுதியதைத் தானே எடுத்து வைத்துப் பரிசீலித்து, மாற்ற வேண்டியதை மாற்றினார்கள். இவ்வளவு பெரிய இமாம் தம் எழுத்தைத் திருத்தினார்கள் என்றால், பத்து வருடமாக ஒரே மாதிரி ஓதிக்கொடுக்கிறேன் என்று நாம் பெருமை பேசலாமா? பத்து வருட அனுபவம் வேறு, ஒரு வருட அனுபவத்தைப் பத்து முறை ஓட்டுவது வேறு.

ஒரு நோட்டில் பார்த்தது

கடற்கரை ஊர் ஒன்றில் மக்தப் நடத்தும் உஸ்தாத் ஒருவர் தம் நோட்டை என்னிடம் காட்டினார். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். சாதாரண 80 பக்கக் கோடு போட்ட நோட்டு. இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் எழுதுகிறார். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரி. நல்ல தமிழும் இல்லை, அலங்காரமும் இல்லை. ஆனால் அதைப் படித்து முடிக்கும் வரை என்னால் நோட்டை மூட முடியவில்லை.

முதல் பக்கங்களில் ஸே, ஸீன், ஸாத் என்ற மூன்று எழுத்துகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓதிக்கொடுத்தவர்களுக்குத் தெரியும், தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த மூன்றும் ஒன்றாகவே காதில் விழும். எல்லோரும் சேர்ந்து ஓதும்போது அழகாக வருகிறது என்று முதல் நாள் எழுதுகிறார். மறுநாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார். பாதிப் பேருக்கு வரவில்லை! அன்றிரவு எழுதியது இது: முன்வரிசையில் நாலு பிள்ளைகள் ஓதுகிறார்கள், மற்றவர்கள் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். எத்தனை வருடமாக ஒளிந்துகொண்டிருந்தார்களோ என்று அதற்குக் கீழே ஒரு வரி.

பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து ஒருவர் ஓத மற்றவர் கேட்கும்படி மாற்றுகிறார். சத்தம் அதிகமாகிறது. கீழே இருந்து முத்தவல்லி ஏறி வந்து, “என்ன உஸ்தாத், சந்தைக்கடை மாதிரி இருக்கே?” என்று கேட்கிறார். அதையும் எழுதியிருக்கிறார். ஜோடிகளைச் சுவர் ஓரமாகத் தள்ளித் தள்ளி உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு வாரத்தில் சத்தம் பழகிவிடுகிறது, எழுத்துகளும் பிரிகின்றன.

இன்னொரு பிள்ளையைப் பற்றிய பக்கங்கள் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டன. புதிய பாடம் தொடங்கும் நாளிலெல்லாம் அந்தப் பையன் வருவதில்லை. மறுநாள் வந்து விழிப்பான். சோம்பேறி என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். உஸ்தாத் தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்ததால் ஒரு நாள் பழைய பக்கங்களைப் புரட்டும்போது கண்ணில் பட்டது, வராத நாளெல்லாம் செவ்வாய்க்கிழமை! செவ்வாய் அந்த ஊரில் சந்தை. பையன் தன் அத்தாவின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான். உஸ்தாத் புதிய பாடத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினார். அவ்வளவுதான். பையன் இப்போது ஜோடி வைத்து ஓத வைக்கிறவர்களில் ஒருவன்.

சகோதரர்களே! ஞாபகத்தில் வைத்திருந்தால் இது தெரிந்திருக்குமா? ஞாபகம் நமக்குச் சாதகமானதைத்தான் எடுத்துக் கொடுக்கும். ‘அவன் அடிக்கடி வரமாட்டான்’ என்பது ஞாபகம். ‘அவன் செவ்வாய்க்கிழமை வரமாட்டான்’ என்பது எழுத்து. வாராக் கடனை எந்த வணிகரும் மனதில் எழுதி வைப்பதில்லையே!

மூன்றாவதாக ஒன்று, பிரம்பைப் பற்றியது. அவர் பிரம்பை எடுத்த ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்திருக்கிறார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே கடைசி அரை மணி நேரத்தில். ஃபஜ்ரிலிருந்து நின்ற கால், இடையில் ஒரு ஜனாஸா, ஒரு நிக்காஹ், இரண்டு வீட்டு டியூஷன். பிள்ளைகளும் பகல் முழுவதும் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள். பிள்ளைகளின் குறும்பு அந்த நேரத்தில் கூடவில்லை, தன் பொறுமைதான் குறைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கடைசி அரை மணி நேரத்தைக் கதை சொல்லும் நேரமாக, நபிமார்கள் வரலாறாக மாற்றியிருக்கிறார். பிரம்பு இப்போது அலமாரி மேல்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தபோது பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. அந்தச் சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாது என்று 2012-ல் திருத்தமும் வந்தது. பொருந்தாது என்பதில் சிலருக்கு ஒரு நிம்மதி! ஆனால் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே கைரவானில் வாழ்ந்த இப்னு ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் ஆசிரியர்களின் ஒழுக்கத்துக்கென்று தனி நூல் எழுதி, அடிக்கு வரம்பு கட்டினார்கள். துனிஸில் பிறந்த இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை பொய்யையும் ஏமாற்றையும் கற்றுக்கொள்கிறது, அதன் உற்சாகம் செத்துவிடுகிறது என்று எச்சரித்தார்கள். சட்டம் பொருந்துமா பொருந்தாதா என்று வாதாடுவதை விட, நம் சொந்த அறிஞர்கள் சொன்னதைப் பொருத்திப் பார்க்க அந்த உஸ்தாதின் நோட்டு வழி காட்டிவிட்டது.

பாடக்குறிப்பு வேறு, இது வேறு

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் சகோதரிகள் கேட்பார்கள்: “ஹஜ்ரத், நாங்கள்தான் வாராவாரம் பாடக்குறிப்பு எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குகிறோமே?” அது வேறு. பாடக்குறிப்பு வகுப்புக்கு முன்பு எழுதப்படுவது, மேலதிகாரிக்காக எழுதப்படுவது. போன வருட நோட்டைப் பார்த்து இந்த வருடம் எழுதினாலும் கையெழுத்து விழுந்துவிடும். நான் சொல்வது வகுப்புக்குப் பின்பு எழுதுவது, தனக்காக எழுதுவது. இன்று என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, எங்கே விலகியது, நாளை எதை மாற்றிப் பார்க்கப் போகிறேன் என்பதுதான் அதன் உள்ளடக்கம். பி.எட். படிப்பு 2015-ல் இரண்டாண்டு ஆக்கப்பட்டபோது, வாசித்துச் சிந்திப்பதையும் கணினித் தொழில்நுட்பத்தையும் அதில் சேர்த்தார்கள். பட்டம் வாங்கும் வரை இந்தப் பழக்கம் இருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு, எழுத நேரம் யார் கொடுக்கிறார்கள்?

இங்கே நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோளை அழுத்தமாக வைக்கிறேன். அந்த நோட்டை நீங்கள் கேட்கக் கூடாது! முத்தவல்லியோ தாளாளரோ, “கொண்டு வாங்க, பார்ப்போம்” என்று கேட்கும் நாளில் அந்த நோட்டு செத்துவிடும். அன்றிலிருந்து உஸ்தாத் உங்களுக்குப் பிடித்ததை எழுதுவார். பாடம் சிறப்பாக நடந்தது, பிள்ளைகள் ஆர்வமாகக் கற்றார்கள், அல்ஹம்துலில்லாஹ் என்று பக்கம் பக்கமாக வரும். வருமான வரிக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு பேரேடு வைத்தவர்களின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆசிரியரையும் அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள். அவராக விரும்பி இன்னொரு ஆசிரியரிடம் காட்டட்டும்.

ஆசிரியர்களுக்கும் ஓர் அமானத் இருக்கிறது. பிள்ளையின் வீட்டுக் கஷ்டம், பெற்றோரின் சண்டை இவற்றைப் பெயர் போட்டு எழுத வேண்டாம். ஓர் அடையாளம் போதும். நோட்டு கைமாறினாலும் பிள்ளையின் மானம் கைமாறக் கூடாது.

கருவிகள் வந்துவிட்டன, அப்புறம்?

இப்போது நம் ஊர்களில் ஒரு புதுப் போட்டி. முன்பு மினாரா உயரத்தில் போட்டி. இப்போது ஸ்மார்ட் போர்டில் போட்டி! ஒரு ஊர் மதரஸாவில் பெரிய திரை வைத்தால் பக்கத்து ஊருக்கு அதை விடப் பெரியது வேண்டும். வெளிநாட்டுச் சகோதரர்கள் சங்கம் பணம் அனுப்புகிறது, திறப்பு விழா நடக்கிறது, படம் வருகிறது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், பல இடங்களில் திரைக்கு மேல் பச்சைத் துணி போர்த்தியிருக்கும், தூசு படக் கூடாதாம்!

கொடுப்பவர்களின் நிய்யத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உலக அனுபவம் என்ன சொல்கிறது? தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தது. 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து 2012-ல் வெளியான முடிவு, கணக்கிலும் வாசிப்பிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதுதான். கருவி வந்தது, ஆனால் சொல்லிக்கொடுக்கும் முறை மாறவில்லை. நம் நாட்டிலும் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது பார்த்தோம். கைபேசி இருந்த வீட்டில் வகுப்பு, இல்லாத வீட்டில் விடுமுறை. பள்ளிகள் திறந்த பிறகு விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டத் தமிழக அரசு 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைத் தெருவுக்குத் தெரு அனுப்ப வேண்டி வந்தது. திரையில் போன பாடத்தை மனிதர்கள் வந்து மீட்டார்கள்.

அப்படியானால் கருவியே வேண்டாமா? அப்படிச் சொல்பவன் நான் அல்ல. குர்ஆன் ஓதக் கற்பதில் நம்மவர்கள் கருவியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். மிஸ்ரில் காரீ மஹ்மூத் கலீல் அல் ஹுஸரீ (ரஹ்) அவர்களின் குரலில் முழுக் குர்ஆனும் ஒலிப்பதிவு செய்யப்பட்டு 1961-ல் வெளியானது. பிள்ளைகள் கேட்டுத் திரும்பச் சொல்வதற்கென்றே தனிப் பதிவும் அவர்கள் குரலில் உண்டு. எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளின் தஜ்வீதை அந்தக் குரல் திருத்தியிருக்கிறது. நம் வீடுகளிலும் வளைகுடாவிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர் இருந்தது. அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத், நாகூர் ஹனீபா அவர்களின் பாட்டு, மார்க்க பயான் எல்லாம் கேட்டோம். அந்தப் பெட்டியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. நம் குரலையே பதிவு செய்து கேட்பதற்கான பொத்தான் அது. அதை எத்தனை ஆசிரியர்கள் அழுத்தினார்கள்?

அழுத்தியவர்கள் என்ன கண்டார்கள் என்று சொல்கிறேன். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை நூற்றுக்கணக்கில் கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பிள்ளை பதில் சொல்ல எவ்வளவு நேரம் தருகிறார்? சராசரியாக ஒரு விநாடிகூட இல்லை! அதற்குள் இன்னொரு பிள்ளையிடம் தாவுகிறார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறார். மூன்று விநாடி பொறுத்தால் போதும், பிள்ளைகளின் பதில் நீள்கிறது, தெரியாது என்பவர்கள் குறைகிறார்கள், பேசாத பிள்ளை பேசுகிறது என்பதை அவர் கண்டுபிடித்தார். மூன்று விநாடி, சகோதரர்களே! இதற்கு ஸ்மார்ட் போர்டு எதற்கு?

உங்கள் ஊர் உஸ்தாதின் சட்டைப் பையில் கைபேசி இருக்கிறது. வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் தம் வகுப்பைத் தாமே குரல் பதிவு செய்து, வீட்டில் கேட்டுவிட்டு, காதில் விழுந்ததை நோட்டில் எழுதட்டும். எவ்வளவு நேரம் தாம் பேசினோம், எவ்வளவு நேரம் பிள்ளைகள் பேசினார்கள், யார் பெயரை ஐந்து முறை கூப்பிட்டோம், யார் பெயரை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை என்பதெல்லாம் அதில் வரும். கேட்டு எழுதிய பின் பதிவை அழித்துவிடலாம். பிள்ளை ஓதுவதைப் பதிவு செய்து அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டலாம். ‘நீ தப்பா ஓதுற’ என்று பத்து முறை சொல்வதை விட, தன் காதால் ஒரு முறை கேட்பது வேலை செய்யும். பள்ளி ஆசிரியர்களுக்கும் வழி இருக்கிறது. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கட்டம் கட்டமாக ஒரு குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள். கைபேசியை அதன்மேல் காட்டினால் அந்தப் பாடத்துக்குரிய காட்சி திறக்கும். முதல் நாள் இரவே பார்த்து, எந்த இரண்டு நிமிடம் என் பிள்ளைகளுக்குத் தேவை என்று குறித்துக்கொண்டு போகும் ஆசிரியைக்கு அது கருவி. வகுப்பில் போட்டுவிட்டு ஓரமாக உட்காருபவருக்கு அது பொழுதுபோக்கு.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. ‘இன்றைய வகுப்பைப் பற்றி எழுதிக் கொடு’ என்றால் அழகான தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கும். அந்த வகுப்பில் அது உட்காரவே இல்லை! சந்தை நாளில் வராத பையனை அதற்குத் தெரியாது. பயிற்சித்தாள் தயாரிக்க, படம் வரைய வேண்டுமானால் பயன்படுத்துங்கள். முஹாஸபாவைக் குத்தகைக்கு விட முடியாது, வேறொருவர் பிடிக்கும் நோன்பு நம் கணக்கில் ஏறாது.

ஏன் உங்களிடம் பேசுகிறேன்?

2006-ல் வந்த சச்சார் குழு அறிக்கை, நம் பிள்ளைகள் எல்லோரும் மதரஸாவில் அடைந்து கிடக்கிறார்கள் என்ற பொய்யை உடைத்தது. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் 100-க்கு 3, 4 பேர்தான் என்று கணக்குச் சொன்னது. மற்றவர்கள் பொதுப் பள்ளியில் படிக்கிறார்கள், அல்லது படிக்காமல் இருக்கிறார்கள். தமிழகத்தில் போராடி 2007-ல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு பெற்றோம். அந்தப் போராட்டத்தில் வீதிக்கு வந்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். இடம் வாங்கிவிட்டோம். அந்த இடத்தில் போய் உட்காரும் தகுதியைப் பிள்ளைக்குக் கொடுப்பது யார்? மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் முன்வரிசைச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்ட பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு வரை வருமா? ஒதுக்கீட்டு ஆணை அதன் கைக்கு எட்டுமா?

ஆகவே இது உஸ்தாதின் தனிப்பட்ட நல்ல பழக்கம் என்று விட்டுவிட முடியாது. எழுத நேரம் வேண்டும். நேரம் உங்கள் கையில் இருக்கிறது. ஐந்து வேளை இமாமத், மக்தப், நிக்காஹ், ஜனாஸா, மவ்லித், அதற்கு மேல் சம்பளம் போதாமல் வீடு வீடாக டியூஷன் என்று ஓடும் மனிதரிடம் ‘எழுதுங்கள்’ என்று உபதேசம் செய்வது நியாயமா? நம் சமுதாயம் நடத்தும் நர்சரிப் பள்ளிகளில் வேலை பார்க்கும் சகோதரிகளின் சம்பளத்தைச் சொன்னால், உங்கள் கடையில் துணி மடிக்கும் தம்பி சிரிப்பான். நிஸ்வான் மதரஸா ஆலிமாக்களின் நிலை அதை விடக் குறைவு.

ஒரு ஸ்மார்ட் போர்டுக்குக் கொடுக்கும் பணத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். உஸ்தாதுக்கு ஒரு வீட்டு டியூஷனை விடுவதற்கான தொகையை மாதாமாதம் கூட்டிக் கொடுங்கள், அந்த ஒரு மணி நேரம் அவருடைய எழுத்துக்கும் படிப்புக்கும் என்று ஜமாஅத் பதிவேட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை அக்கம்பக்கத்து ஊர் உஸ்தாதுகளும் பள்ளி ஆசிரியர்களும் ஓரிடத்தில் உட்காரட்டும். பயணச் செலவும் மதிய உணவும் உங்களுடையது. ஜப்பானில் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர்கள் உட்கார்ந்து கவனித்துப் பிறகு கூடிப் பேசும் வழக்கம் 100 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. நம் ஊர்களிலும் ஒரு வகுப்பை இப்படிப் பார்க்கலாமே! அந்தக் கூட்டத்தில் நிர்வாகிகள் பேச வேண்டாம். சாப்பாடு பரிமாறுங்கள்.

இளைஞர்கள் வயதான உஸ்தாதுக்குக் குரல் பதிவு செய்யவும் அழிக்கவும் கற்றுக் கொடுங்கள். பிள்ளைகள் ஓதும் படத்தையும் குரலையும் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். பெற்றோரின் அனுமதி இல்லாமல் அதைச் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. நம் பிள்ளையின் பிழை ஊர் சிரிக்க அல்ல.

ஷவ்வாலில் மதரஸாக்கள் திறக்கும். ஜூனில் பள்ளிக்கூடம். அதற்கு முன் கூடும் உங்கள் ஜமாஅத் கூட்டத்தில் கட்டடம், கலர் அடிப்பது, பந்தல் என்று வழக்கமான பொருள்களோடு ‘உஸ்தாதின் ஒரு மணி நேரம்’ என்று ஒரு பொருளையும் சேர்த்து, யார் எவ்வளவு மாதம் தருகிறார்கள் என்று பெயரோடு எழுதி முடித்துவிட்டு எழுந்திருங்கள். 80 பக்க நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் எதையும் எழுதாமல், உஸ்தாதிடம் கொடுங்கள்.